‘நல்லா இருக்கான்’ என்பது எத்தனை கிலோ?

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கிருஷ்ணகிரியில் எந்த ரெடிமேட் கடைக்குள் போனாலும் நிற்க இடமிருக்காது. அப்படி ஒரு நாளில் அக்கா மகளுக்குச் சீருடை எடுக்கப் போய்க் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் பையனும். “நாலாவது போறான்” என்றார் அம்மா. கடைக்காரர் பையனை ஒரு பார்வை பார்த்தார். நாலாம் வகுப்பு அடுக்கைத் தொடவே இல்லை. ஏழாவது, எட்டாவது பிள்ளைகள் போடுகிற பேன்ட் ஒன்றை உருவிக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் இடுப்பு கச்சிதம், கால் பக்கம் ஒரு சாண் துணி தரையில் புரண்டது. “இடுப்பு சரியா இருக்குக்கா. கீழ மட்டும் மடிச்சு அடிச்சுக்கங்க.” அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “வளர்ற பையன்தானே, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.”

பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மா, தன் மகளின் பாவாடைக் கொக்கியை எவ்வளவு உள்ளே தள்ளித் தைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர், பெருமூச்சு விட்டார். “உங்க பையனுக்கு என்னங்க குடுக்கறீங்க? இவளுக்குத் தின்னதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல.” அந்தப் பெண் கடைக்கும் வாசலுக்கும் நாலு தடவை ஓடிவிட்டு வந்திருந்தாள். எலும்பு தெரிகிற மெலிவு இல்லை, அந்த வயதுக்கு உண்டான ஒல்லி. கவலை வந்திருக்க வேண்டிய வீட்டில் பெருமை இருந்தது. கவலையே தேவைப்படாத வீட்டில் கவலை குடியேறியிருந்தது.

இது நம் ஊர் அம்மாக்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் ஒரு பெரிய கணக்குப் போட்டார்கள். எடை அதிகமான பிள்ளைகளின் பெற்றோரில் சுமார் பாதிப் பேருக்குத் தம் பிள்ளையின் எடை அதிகம் என்று தோன்றவே இல்லை. இரண்டு முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் கூடுதல். அமெரிக்காவில் ஏழை வீட்டுத் தாய்மார்களிடம் பேசி 2001-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. மருத்துவர் காட்டுகிற வளர்ச்சி வரைபடத்தை அந்த அம்மாக்கள் பெரிதாக நம்பவில்லை. பிள்ளை ஓடியாடுகிறானா, நன்றாகச் சாப்பிடுகிறானா, மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களா என்றுதான் பார்த்தார்கள். ஓடுகிறான், சாப்பிடுகிறான், யாரும் கேலி செய்யவில்லை என்றால் அவன் ‘எலும்பு கனத்த’ பிள்ளை, அவ்வளவுதான்.

ஓசூர் மார்க்கெட்டிலோ அரூர் சந்தையிலோ கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆனால் அங்கே வருவதற்கும் இங்கே வருவதற்கும் காரணம் ஒன்றல்ல.

முதலில் சொற்களைப் பாருங்கள். கொழுகொழு, புஷ்டி, வாட்டசாட்டம், பூசினாற்போல, கும்முனு. எடை கூடிய பிள்ளையைக் கொஞ்ச எத்தனை வார்த்தைகள்! மெலிந்த பிள்ளைக்கோ நோஞ்சான், ஒல்லிப்பிச்சான், சவலை, ஈர்க்குச்சி. ‘சவலை’ வெறும் வசை இல்லை. அடுத்த குழந்தை வந்துவிட்டதால் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டு வாடிய பிள்ளைக்கு ஊர் வைத்த பெயர், ஏறக்குறைய ஒரு நோயின் பெயர். மறுபக்கம் ‘குண்டு’ என்று ஒன்றுதான் இருக்கிறது, அது கேலி. கொழுகொழுவுக்கும் குண்டுக்கும் நடுவே, “உயரத்துக்குத் தேவையானதைவிட நாலு கிலோ கூட” என்பதை முகம் சுளிக்காமல் சொல்ல வீட்டுத் தமிழில் வார்த்தை கிடையாது. ‘உடல் பருமன்’ என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் தன் நாலு வயதுப் பிள்ளையை நினைத்துக்கொள்வதில்லை; பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைத்தான் நினைத்துக்கொள்வாள்.

அப்புறம் இந்த மண். தர்மபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. எல்லைக்கோடு எப்படி மாறினாலும் பெரும்பகுதி மழையை நம்பிய மேட்டுநிலம்தான். ராகி, சோளம், சாமை, கொள்ளு. மழை பொய்த்த வருஷம் பாதி ஊர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ மூட்டை கட்டும். இன்று பேரனுக்கு ஊட்டுகிற பாட்டிகள் ஒருவேளைக் கூழை மூன்று பேருக்குப் பங்கு வைத்த வீட்டில் வளர்ந்தவர்கள். 2014 நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, எடை குறைவாகப் பிறந்ததுதான் அப்போது அதிகம் பேசப்பட்ட காரணம். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு பிள்ளை பெற்ற ஒரு பெண்ணிடம் போய் “எடை ஜாஸ்தி” என்று சொன்னால் அவள் காதில் அது எப்படி விழும்? கிலோ என்பது இங்கே பிள்ளை பிழைத்ததற்கு அத்தாட்சி.

அந்தப் பயம் இன்றைக்கும் ஆதாரமில்லாதது இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள், எடை அதிகமானவர்கள் நாலு பேருக்குக் கொஞ்சம் மேல். யுனிசெஃப் 2025-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. உலக அளவில் 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் உடல் பருமன் உள்ளோர் 9.4 சதவீதம், எடை குறைந்தோர் 9.2 சதவீதம். முதன்முறையாகத் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் தெற்காசியாவில் அப்படி இல்லை; இங்கே இன்னும் மெலிவுதான் அதிகம். அதனால்தான் இங்கே விஷயம் சிக்கலாகிறது. ஒரே தெருவில் இரண்டும் இருக்கும்போது, அம்மாவின் கண் பழகிய பக்கத்தைத்தான் பார்க்கும்.

என் சித்தி பாலக்கோடு பக்கம் அங்கன்வாடியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மாதம் ஒரு நாள் எடை போடும் நாள். கூரையில் தராசு தொங்கும், பிள்ளையைத் தூளியில் போடுவதுபோல அதில் உட்கார வைப்பார்கள். பாதிப் பிள்ளைகள் கத்தும். மெலிந்த பிள்ளையின் அம்மா முள் எங்கே நிற்கிறது என்று எட்டி எட்டிப் பார்ப்பாள். கொழுத்த பிள்ளையின் அம்மாவோ, “சத்தமா சொல்லாதீங்க டீச்சர், மெதுவா எழுதிக்கங்க” என்பாள். கண் பட்டுவிடுமாம். தராசிலிருந்து இறக்கியதும் கன்னத்து மையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வாள். சித்தி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் நான் யோசித்துப் பார்த்ததுண்டு. அதிக எடை ஊர் கண் வைக்கிற செல்வமாக இருக்கும்வரை அதை ஒரு குறையாக எப்படிப் பேசுவது?

இன்னொன்றையும் சித்திதான் சொன்னார். “எங்களுக்கே யாரு கொறைச்சலா இருக்காங்கன்னுதான் கண்ணு போகும். சத்துமாவு யாருக்கு, முட்டை யாருக்கு, எந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னுதான் பார்ப்போம். மேல போன பிள்ளையப் பத்தி யாரும் கேட்டதில்ல.” இப்போது உயரமும் அளந்து போனில் ஏற்றுகிறார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போகிற செய்தி எடை மட்டும்தான். “பதினெட்டு கிலோ இருக்கான்.” எந்த உயரத்துக்குப் பதினெட்டு?

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி நாலு வயது ஆண் பிள்ளையின் நடுத்தர எடை சுமார் 16 கிலோ, உயரம் சுமார் 103 சென்டிமீட்டர். வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் 18 கிலோ பிரச்சினையே இல்லை. ஆனால் அதே 18 கிலோ 94 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால்? குட்டைப் பிள்ளையின் உடம்பில் கொழுப்பு கூடிக்கொண்டிருப்பதை வயதுக்கான எடை அப்படியே மறைத்துவிடும். முன்பு சொன்ன தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நாலில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்கிறது. ஆக, இது எங்கோ ஒன்றிரண்டு வீட்டுக் கதை இல்லை.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக் காட்டிய ஒரு விஷயம் இதோடு சேர்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5 கிலோ. கிட்டத்தட்ட எல்லா அளவிலும் நம் குழந்தை சின்னது, தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் மட்டும் அவ்வளவு பின்தங்கவில்லை. சதையும் எலும்பும் குறைவு, கொழுப்புக்குக் குறைவில்லை. இப்படிப் பிறக்கிற பிள்ளை பின்னால் வேகமாக எடை போட்டால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. “சின்னதாப் பிறந்தான், எப்படியோ தேத்திட்டேன்” என்று பெருமைப்படுகிற அம்மாவிடம் இதைச் சொல்வது எனக்கே சங்கடம்தான்.

நிறைய வீடுகளில் ஊட்டல் யுத்தம் தொடங்குவது இரண்டு வயதுக்கு மேல். அதற்கும் ஒரு காரணம் உண்டு. முதல் வருஷத்தில் குழந்தை பிறந்த எடையைப்போல மூன்று மடங்கு ஆகிறது. அதன்பிறகு அந்த வேகம் அடங்கி வருஷத்துக்கு இரண்டு கிலோ அளவில் நின்றுவிடும், பசியும் குறையும். குழந்தைக் கொழுப்பு கரைந்து, கால் நீண்டு, ஐந்து ஆறு வயதில் பிள்ளை தன் வாழ்நாளிலேயே மிக ஒல்லியாக இருக்கும். பிறகு மெல்லச் சதை போடும். இதுதான் உடம்பின் ஒழுங்கு. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? “ஒரு வயசு போட்டோவுல எப்படி இருந்தான் பாரு, இப்ப எளச்சுட்டான்.” உடனே டானிக், மால்ட்டுப் பவுடர், போனைக் கையில் கொடுத்து வாயில் திணிக்கிற சோறு. கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. அந்த இயல்பான ஒல்லிக் காலத்தைத் தாண்டிக் குதிக்கவைத்து, நாலு வயதிலேயே சதை ஏற ஆரம்பித்தால், பெரியவனான பிறகும் பருமனாக இருக்கிற வாய்ப்பு அதிகம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடையில் பார்த்த அந்தத் துறுதுறுப் பெண்ணுக்காக நான் கவலைப்பட்டது இதனால்தான். அவள் அம்மா மறுநாளே மால்ட் டப்பா வாங்கியிருப்பார். அந்த மாதிரிப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. மளிகைக் கடை அலமாரிக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஊட்டுவது அம்மா மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வுகள் எல்லாம் ‘தாயின் பார்வை’ என்று பெயர் வைத்துக்கொண்டு தாயைத்தான் குடைகின்றன. ஓசூர்ப் பக்கம் கம்பெனி பஸ் விடிகாலையில் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலைகள் அழைக்கும். பிள்ளை பகலெல்லாம் மாமியாரிடம். பெங்களூரில் வேலை பார்க்கிற அப்பா சனிக்கிழமை ராத்திரி இறங்கும்போது கையில் ஒரு பை இருக்கும்: கேக், கிரீம் பிஸ்கட், ஒரு பெரிய பாட்டில் கலர். வாரமெல்லாம் இல்லாத அப்பாவின் பாசம் அந்தப் பையில்தான் வருகிறது, அதை வேண்டாம் என்று சொல்ல எந்த மருமகளுக்குத் தைரியம்? ஒரு அம்மா என்னிடம் சொன்னது: “நான் அரை டம்ளர்னு சொன்னா, பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கறான்னு அத்தை ஊரெல்லாம் சொல்லிடுவாங்க.” அந்த வீட்டில் அம்மாவின் கண்ணுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. வாயைத் திறக்கத்தான் இடமில்லை.

பெண் பிள்ளை என்றால் இந்தக் கண் வேறு மாதிரி வேலை செய்யும். பையன் பருமன் ‘தாட்டியம்’. பெண் பத்து வயதில் சதை போட்டால் “சீக்கிரம் வயசுக்கு வந்துடுவா போல” என்று முதல் கவலை எட்டிப் பார்க்கும். எடை கூடிய பெண்கள் சராசரியாகச் சற்று முன்னதாகவே பூப்படைகிறார்கள் என்பதால் அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று கொட்டிக் கொடுப்பார்கள். மூன்றே வருஷத்தில் அதே வாய்கள், “இப்படியே போனா யாரு கட்டுவா” என்று இரவுச் சோற்றைக் குறைக்கச் சொல்லும். பெண்ணின் எடை கவனிக்கப்படுகிறது, உண்மைதான். கவனிப்பது யாருக்காக என்பதுதான் கேள்வி.

இனி கழுத்து. பிடரியில் கருப்பாக, வெல்வெட் துணிபோலத் தடித்த ஒரு பட்டை, சில பிள்ளைகளுக்கு அக்குளிலும் இருக்கும். பயத்தமாவு, எலுமிச்சைத் தோல், தேங்காய் நார் என்று எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள். தோல் சிவந்து பிள்ளை அழும், கருப்பு போகாது. அது அழுக்கு இல்லை. பருமனான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததைக் காட்டுகிற அடையாளம் அது. எடையைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்கிற அம்மாகூட, கழுத்தைக் காட்டினால் உட்கார்ந்து கேட்கிறார்.

அடுத்து வருகிற கேள்வி எப்போதும் தைராய்டு. “டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?” மருத்துவர்கள் முதலில் பார்ப்பது உயரத்தை. ஹார்மோன் கோளாறால் பருமனான பிள்ளை பெரும்பாலும் உயரம் போடாமல் நின்றுவிடும். வகுப்பில் உயரமாகவும் கனமாகவும் இருக்கிற பிள்ளைக்குக் காரணம் அநேகமாகத் தட்டில்தான்.

ராகியைப் பற்றிக் கேட்காமல் எந்தப் பேச்சும் முடியாது. 2023-இல் நீலகிரியோடு தர்மபுரியையும் தேர்ந்தெடுத்து ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் ராகி உடம்பைக் குறைக்கும் என்பது பாதி உண்மை. கிராமுக்குக் கிராம் பார்த்தால் கலோரியில் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. களியாகக் கிண்டிக் கீரைக் கடைசலோடு உருட்டி விழுங்கினால் வயிறு சீக்கிரம் நிறையும், நெடுநேரம் தாங்கும். அதையே வறுத்துப் பொடித்து, பாலும் வெல்லமும் போட்டு ‘ராகி மால்ட்’ என்று டம்ளரில் கொடுத்தால், பிள்ளை மடக் மடக்கென்று குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்கும்.

சரி, அம்மாக்களுக்கு உண்மையைப் புரியவைத்துவிட்டால் போதுமா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ராபின்சன், சூட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியப் பிள்ளைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்த தகவலை வைத்து 2016-இல் ஒரு முடிவு சொன்னார்கள். பெற்றோர் ‘இவன் பருமன்’ என்று கருதிய பிள்ளைகள், அப்படிக் கருதப்படாத பிள்ளைகளைவிட, பிற்பாடு அதிகமாகத்தான் எடை போட்டார்கள். பெயர் வைத்ததும் வீட்டில் கண்காணிப்பு வந்துவிடுகிறது. தம்பிக்கு லட்டு, இவனுக்கு இல்லை. ஒளித்துத் தின்கிற பழக்கம் அங்கே பிறக்கும். “குண்டா, போதும் எழுந்திரு” என்று எல்லோர் முன்னும் சொன்னால் பிள்ளைக்குப் பசி அடங்காது, ரோஷம்தான் வரும். அதனால், பிள்ளையிடம் எடையைப் பேசவே வேண்டாம் என்பது என் கட்சி. பேச வேண்டியது மாமியாரிடமும் அந்தச் சனிக்கிழமைப் பையோடு வருகிறவரிடமும். பாட்டில் கலர் வீட்டுக்கு வராவிட்டால் யாருக்கும் கிடையாது, அதில் அவமானமும் இல்லை.

இன்னொரு நல்ல செய்தி கணக்கில் இருக்கிறது. கடையில் பார்த்த பையனைப்போல ஒன்பது வயது, 130 சென்டிமீட்டர் உயரம், 36 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் (பி.எம்.ஐ. என்பது இதுதான்) 21.3 வரும். பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் ஒட்டியிருக்கிற பெரியவர்கள் அட்டவணையில் 21.3 அப்பழுக்கில்லாத ‘நார்மல்’. அங்கேதான் பல அம்மாக்கள் ஏமாறுகிறார்கள். ஒன்பது வயது ஆண் பிள்ளைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற பருமன் கோடு சுமார் 20.5-இலேயே தொடங்கிவிடுகிறது. வயதுக்கு வயது கோடு மாறும். ஆனால் இந்தப் பையன் ஒரு கிலோகூடக் குறைய வேண்டியதில்லை. இரண்டு வருஷத்தில் பத்து சென்டிமீட்டர் வளர்ந்து, எடை அதே 36-இல் நின்றால் 18.4. பதினோரு வயதுக்கு அது சாதாரணம்.

“உயரம் போட்டா சரியாயிடும்” என்று எல்லா அம்மாக்களும் சொல்வது தப்பில்லை. உயரம் போடுகிறபோது இடுப்பு கூடவே வராமல் இருக்க வேண்டும். அதைப் பார்க்கத் தராசுகூடத் தேவையில்லை. அந்த அம்மா மடித்துத் தைத்த ஒரு சாண் துணி இருக்கிறதே, அடுத்த ஜூனில் அந்த மடிப்பைப் பாதியாவது பிரித்துவிட வேண்டும், இடுப்புக் கொக்கி இன்றைக்கு மாட்டுகிற அதே இடத்தில் மாட்ட வேண்டும்.